முத்தாத மெழுகு

மெழுகுதிரியை ஊற்றிய அன்றே கொளுத்தக் கூடாது. அச்சிலிருந்து கழற்றியதும் பார்ப்பதற்கு அது முழுத் திரியாகத்தான் இருக்கும். ஆனால் நகத்தால் அழுத்தினால் தடம் விழும். கொளுத்தினால் சுடர் நின்று எரியாது. துள்ளும், கறுத்த புகை விடும், ஒரு பக்கமாக வடிந்து, கடைசியில் தன் மெழுகிலேயே நூலை முக்கிக்கொண்டு அணைந்துவிடும். நிழலில் தாள் விரித்துக் கிடத்தி நாள் கணக்கில் சும்மா விட வேண்டும். உள்ளுக்குள் அது தானாக இறுகும். பிறகு எரியும்போது அடி வரைக்கும் ஒரே சீராக எரியும்.

சுனாமிக்குப் பிறகு எங்கள் கடற்கரைக்கு வந்து பெண்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர்கள் இதற்கு ‘க்யூரிங்’ என்று பெயர் சொன்னார்கள். எங்கள் பெண்களின் வாயில் அது நிற்கவில்லை. தேங்காய்க்குச் சொல்வதுபோல ‘முத்தணும்’ என்றார்கள். அன்று ஊற்றியது எளசு. கிடந்து இறுகியது முத்தல். மணவாளக்குறிச்சிக்கு அந்தப் பக்கம், கடலை ஒட்டிய எங்கள் ஊரில், இன்றைக்கும் மெழுகுக்கு இந்த இரண்டு வார்த்தைதான்.

மாதா கோயிலை ஒட்டிய கூடத்தில்தான் வேலை நடக்கும். பெரிய பாத்திரத்துத் தண்ணீருக்குள் சின்னப் பாத்திரம் வைத்து மெழுகை உருக்குவார்கள். அலுமினிய அச்சுக்குள் தேங்காயெண்ணெய் தடவி, நூல் கட்டி ஊற்றுவார்கள். அம்மாவுக்கு ஐம்பது வயதுக்குப் பக்கத்தில்தான் இந்தத் தொழில் கைக்கு வந்தது. அதற்கு முன்னால் மீன் கூடை சுமந்தவள். அப்பா நான் சிறுவனாக இருந்தபோதே நோயில் போய்விட்டார். அண்ணன் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுக் கடலுக்குப் போனான். அவன் போனதால்தான் நான் போகவில்லை. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன், கல்லூரிக்குப் போனவன், சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டவன், எல்லாம் நான் ஒருவன்தான்.

கூடத்தில் பேச்சு எப்போதும் உப்பும் புளியுமாகத்தான் இருக்கும். கல்லூரி விட்டு வரும்போது அம்மாவை அழைக்கப் போனால் வாசலிலேயே கேட்கும்.

“இது என்னட்டி, இந்தத் திரி நேர நிக்கவே மாட்டேங்குது.”

“உனக்க மாப்பிளையத் தாங்கிப் பழகுன கையில்லியா. சாஞ்சுதான் நிக்கும்.”

“சாஞ்சாலும் எனக்கவன் வீட்டுல வந்து சேருதான். உனக்கவன் எஞ்ச கெடக்கான்னு மொதல்ல போய்ப் பாரு.”

அம்மா சிரிப்பாள். அம்மாவின் பக்கத்தில் நூல் கட்டிக்கொண்டிருக்கும் மைனியும், அதாவது அண்ணன் மனைவியும், தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள். அண்ணன் போன பிறகு, மைனி கூடத்துக்குள் நுழைந்தால் இந்தப் பேச்சு நின்றுபோகும். வீட்டுக்கு வந்து சேருவது, சேராதது பற்றி அவள் இருக்கும்போது யாரும் வாயெடுப்பதில்லை.

அண்ணன் போனது நான் கல்லூரி முடித்த வருஷம். மேற்குக் கடலில் நாள் கணக்கில் தங்கித் தொழில் செய்யும் விசைப்படகு. கிளம்பிய அன்று ராத்திரியே ஆவணி மாதக் காற்றில் கவிழ்ந்தது. சிலரை வேறு படகுக்காரர்கள் தூக்கிவிட்டார்கள். சிலர் உடலாகக் கரைக்கு வந்தார்கள். அண்ணன் இரண்டு விதமாகவும் வரவில்லை. பிழைத்து வந்தவர்களில் ஒருவன் எங்கள் தெருக்காரன், அண்ணனுக்குச் சேக்காளி, சிறுவயதுக் கூட்டாளி. காலில் கட்டுடன் வீட்டுக்கு வந்து முற்றத்தில் உட்கார்ந்து சொன்னான்.

“ஒரே கன்னாஸப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு பேரும் கெடந்தோம் மைனி. வெளுக்கதுக்குக் கொஞ்சம் முந்தி அவன் கைய விட்டுற்றான்.”

கன்னாஸ் என்றால் டீசல் கொண்டுபோகும் பிளாஸ்டிக் கேன். காலியானால் மிதக்கும்.

மைனி ஒன்றுதான் கேட்டாள். “அவரு முங்குனத நீ கண்டியா?”

“இருட்டாக்கும் மைனி.”

“அப்பம் நீ காணல்ல.”

அவன் எழுந்து போனான். அதற்குப் பிறகு அவன் எங்கள் வீட்டு வழியாக நடப்பதை விட்டுவிட்டுப் பின்பக்க ஓடையோரமாகச் சுற்றிப் போனான்.

கடலில் போய் உடல் கிடைக்காதவர்களுக்கு எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கல்லறைத் தோட்டத்தின் நடுவில் பெரிய சிலுவை நிற்கிறது, பெரிய குருசு என்போம். நவம்பர் மாதத்துக் கல்லறைத் திருநாளன்று எல்லோரும் அவரவர் கல்லறையில் திரி கொளுத்துவார்கள். கல்லறை இல்லாதவர்களுக்குப் பெரிய குருசின் அடியில் மணலில் நட்டுக் கொளுத்த வேண்டும். கொளுத்திவிட்டால் அவன் மரித்தவன். அன்று சாயங்காலமே ஊர் துட்டி கேட்க, அதாவது துக்கம் விசாரிக்க, வீட்டுக்கு வரும். கொளுத்தாதவரைக்கும் யாரும் வர மாட்டார்கள். பங்குச் சாமியாரும் கேட்க மாட்டார், சொந்தக்காரர்களும் கேட்க மாட்டார்கள். எத்தனை வருஷமானாலும் அது அந்த வீட்டின் முடிவு. அதுவரை அவனைப் பற்றிப் பேசும்போது ‘இருக்கான்’ என்றுதான் பேச வேண்டும்.

அந்த முதல் வருஷம் அக்டோபரில், செபமாலை மாதம் தொடங்கியதும், வழக்கம்போல அம்மா கல்லறைத் திருநாளுக்கான திரிகளை ஊற்ற ஆரம்பித்தாள். மாதத் தொடக்கத்தில் ஊற்றினால்தான் நவம்பருக்குள் முத்தும். அப்பா கல்லறைக்கு உள்ளவற்றை வீட்டிலேயே ஊற்றினாள். அதோடு ஒரு துண்டுத் தண்ணீர்க் குழாயை அச்சாக வைத்து, ஒற்றைத் தடித் திரி ஒன்றையும் ஊற்றினாள். மைனி தண்ணீர்க் குடத்துடன் உள்ளே வந்தவள் அதைப் பார்த்துவிட்டாள்.

“இது ஆருக்கு மாமி?”

“ஆருக்கும் இல்ல. மிச்சம் மெழுகு கெடந்துது.”

குடத்தை இறக்கி வைத்துவிட்டு மைனி மறுபடியும் தண்ணீருக்குப் போனாள். வீட்டில் தண்ணீர் ஊற்றி வைக்க ஒரு பாத்திரம்கூடக் காலியாக இல்லை.

அந்த நாட்களில் மைனி மாதாமாதம் என்னை அனுப்பி அண்ணனுடைய செல்போன் நம்பருக்கு ரீசார்ஜ் செய்ய வைப்பாள். போன் அவனோடு கடலுக்குள் கிடந்தது. இருந்தாலும் நம்பரை கம்பெனிக்காரன் வேறு யாருக்காவது கொடுத்துவிடக் கூடாது என்பது அவள் எண்ணம். வெளிநாட்டுக் கப்பற்படை பிடித்துக்கொண்டு போயிருக்கலாம், ஏதாவது தீவில் ஒதுங்கியிருக்கலாம், ஜெயிலிலிருந்து வெளியே வந்ததும் முதலில் தன் நம்பரைத்தான் கேட்டு வாங்குவான் என்பாள். நான் படித்தவன். அது நடக்காது என்று எனக்குத் தெரியும். கடைக்காரர் நம்பரை அடித்துக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல் இருக்கக் கற்றுக்கொண்டார்.

கல்லறைத் திருநாள் காலையில் அம்மா எல்லாத் திரிகளையும் தாளோடு எடுத்து வைத்தாள். கடைசியாகத் தடித் திரியைக் கையில் எடுத்தாள். கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்தாள். எனக்கும் மைனிக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“தடி கூடுனது. உள்ள முத்தல்ல. இதக் கொளுத்துனா ஒழுகி நாசமாவும். கெடக்கட்டும், வாற வருஷம் பாப்போம்.”

எனக்கு அம்மாவைக் கும்பிட வேண்டும்போல இருந்தது. மைனி நம்பிக்கொண்டிருக்கிறாள், அவளை அம்மா காப்பாற்றுகிறாள் என்று நினைத்தேன். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் மகன் போய்விட்டான் என்பதை எங்கள் எல்லோருக்கும் முன்னால் புரிந்துகொண்டு, திரியையும் ஊற்றி வைத்துவிட்டு, மருமகளுக்காகக் காத்திருக்கிறாள் என்று வியந்தேன். அன்று சாயங்காலம் அப்பா கல்லறையில் எரிந்த திரிகள் ஒரு சொட்டு வடியாமல் நேராக எரிந்தன. பெரிய குருசைப் பார்க்காமல் வேறு வழியாக வெளியே வந்தோம்.

இரண்டாவது வருஷம் நான் நாகர்கோவிலில் ஒரு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். காலையில் போனால் இருட்டும் நேரத்தில் வருவேன். அக்டோபர் முடிகிற ஒரு சாயங்காலம் வந்து பார்த்தபோது அம்மா அடுப்பில் மெழுகு உருக்கிக்கொண்டிருந்தாள். பாத்திரத்தில் மிதந்தவை அந்தத் தடித் திரியின் துண்டுகள்.

“என்னம்மா, அத ஏன் ஒடச்ச?”

“கீறல் விழுந்திற்று மக்கா. கீறல் உள்ளதக் கொளுத்தப்பிடாது. பொளந்துரும்.”

“இப்பம் ஊத்துனா திருநாளைக்கு எப்பிடி முத்தும்?”

“முத்தாது,” என்றாள் அம்மா. கரண்டியால் துண்டுகளை அமுக்கிவிட்டாள். “அதுக்கு நான் என்ன செய்ய. கீறிப்போச்சே.”

மைனி வாசல்படியில் உட்கார்ந்து அண்ணனின் பெண் குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். குழந்தையின் பின்னலை அவிழ்த்து இன்னொரு முறை முதலிலிருந்து பின்னினாள். அந்த வருஷமும் பெரிய குருசுக்கு நாங்கள் போகவில்லை.

மூன்றாவது வருஷம் குழந்தை முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குப் போகிற வயதுக்கு வந்திருந்தது. மறைக்கல்வி வகுப்பில் கன்னியாஸ்திரி ஒவ்வொரு பிள்ளையாக எழுப்பி, அப்பா அம்மா என்ன செய்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார். எங்கள் பிள்ளை எழுந்ததும் பின்னாலிருந்து ஒரு பையன், “அவளுக்க அப்பா மரிச்சுப்போச்சு சிஸ்டர்,” என்றிருக்கிறான். “இல்ல, கடல்ல காணாமப் போனது,” என்றிருக்கிறான் இன்னொருவன். கன்னியாஸ்திரி பிள்ளையையே கேட்டிருக்கிறார்.

“தெரியாது சிஸ்டர். எங்க அப்பாவுக்க மெழுகுதிரி இன்னும் முத்தல்ல.”

வகுப்பு சிரித்ததாம். அன்று கன்னியாஸ்திரியே பிள்ளையின் கையைப் பிடித்து வீடு வரைக்கும் கூட்டிவந்து மைனியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். மைனி வந்து குடத்தை வைத்தாள்.

“தம்பி, மாமிட்ட நீ பறயணும். இந்த வருஷம் கொளுத்தணும்.”

நான் வாயைக் கொப்பளித்துவிட்டு, உங்களுக்கு முடியும்போது கொளுத்தினால் போதும், அவசரமில்லை, அம்மா உங்களுக்காகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நிதானமாகச் சொன்னேன். நல்ல வார்த்தைகளாகத் தேர்ந்தெடுத்துத்தான் சொன்னேன்.

மைனி என்னை விநோதமாகப் பார்த்தாள்.

“எனக்காவ மாமி காத்து நிக்குதுன்னா நெனச்சுக்கிட்டு கெடக்குத?”

“பின்ன?”

“போன வருஷமே நான் தயாரா நின்னேன். அந்தத் திரிய ஓலப்பெட்டிக்குள்ள இருந்து எடுத்து அடியில இருந்து மேல வரைக்கும் தடவிப் பாத்தேன். ஒரு கீறலும் இல்ல. மாமி பறஞ்சது பொய்யாக்கும்.” குடம் நிறைந்து வழிந்தது. அவள் குழாயை அடைக்கவில்லை. “ரீசார்ஜ் செய்யச் சொல்லி உன்னை எப்பமாவது அனுப்புனேனா இந்த ஒரு வருஷமா? நீ கவனிக்கல்ல. அந்த நம்பருல இப்பம் வேற ஒரு ஆளு எடுக்குதான். மலையாளத்துல பேசுதான். நான் ரெண்டு தடவ கூப்பிட்டு உறுதி செஞ்சுக்கிட்டேன்.”

குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு போகும்போது திரும்பிச் சொன்னாள். “மாமிக்காகத்தான் நானும் வாயத் தொறக்காம இருக்கேன். மூணு பேரும் இப்பிடியே கெடந்தா பிள்ளைட்ட நான் என்னத்தப் பறய?”

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. மைனியே சொன்னாள், சாப்பாட்டு நேரத்தில், சோறு போட்டுக்கொண்டே. “மாமி, இந்த வருஷம் அவருக்க திரிய மாச ஆரம்பத்திலயே ஊத்திருங்க. மாமாவுக்க திரியோட சேத்து.” அம்மா ‘ம்’ என்றாள். குழம்பு கேட்டாள்.

செபமாலை மாதம் தொடங்கியது. ஊரில் உள்ள அத்தனை கல்லறைகளுக்கும் அம்மா திரி ஊற்றினாள். கூடத்துப் பலகைகள் நிறைந்து, மழை ஈரத்துக்குப் பயந்து எங்கள் வீட்டிலும் கட்டிலுக்குக் கீழே கொண்டுவந்து கிடத்தினார்கள். அப்பாவுக்கு உள்ளதை ஊற்றினாள். குழாய்த் துண்டு மட்டும் ஜன்னல் மேல் சும்மா கிடந்தது. ஒருநாள் நூல் தடி போதாது என்றாள். இன்னொரு நாள் மெழுகு நல்லதாக இல்லை என்றாள். மழை நாளில் மழையைச் சொன்னாள். மைனி தினமும் ஜன்னலைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனாள். யாரும் யாரையும் கடிந்து பேசவில்லை. ஒரே வீட்டுக்குள் மூன்று பேர் மெழுகைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டு நாள் தள்ளுவது எவ்வளவு கொடுமை என்று அந்த மாதம்தான் எனக்குத் தெரிந்தது.

திருநாளுக்கு முந்தின நாள் அம்மா அண்ணனுக்குள்ள திரியை ஊற்றினாள். மைனி பார்த்துக்கொண்டே நிற்க, ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றி, தண்ணீர்ச் சட்டிக்குள் நிறுத்தி வைத்தாள்.

மறுநாள் மதியத்துக்குமேல் மைனி அந்தக் குழாயைத் தானே எடுத்து, வெளிப்பக்கம் வெந்நீர் காட்டி, திரியைத் தள்ளி வெளியே எடுத்தாள். ஈரமாக மினுங்கியது. அவள் விரல் பட்ட இடமெல்லாம் குழிந்தது.

“எளசாக்கும் பிள்ள,” என்றாள் அம்மா. “நிக்காது.”

“நிக்காண்டாம் மாமி. எரிஞ்சா போதும்.”

அம்மா செருப்பைத் தேடினாள். காலுக்குப் பக்கத்திலேயே கிடந்த செருப்பை வெகுநேரம் தேடினாள்.

கல்லறைத் தோட்டத்தில் வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. எங்கள் ஊர் மணலில் கறுப்பு கலந்திருக்கும். மழை பெய்து நனைந்திருந்ததால் இன்னும் கறுப்பாகக் கிடந்தது. அப்பா கல்லறையில் கொளுத்திவிட்டு நாங்கள் நால்வரும் பெரிய குருசை நோக்கி நடந்தபோது, வழியில் குனிந்து பூ வைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து வழிவிட்டார்கள். பேச்சு ஒவ்வொரு வரிசையாக அடங்கிக்கொண்டே போனது. கன்னாஸ் பிடித்துக் கிடந்த சேக்காளி தன் வீட்டுக் கல்லறையின் பக்கம் நின்றான். எங்களைக் கண்டதும் தோளில் கிடந்த துண்டை எடுத்தான்.

மைனி மணலைக் கையால் பறித்துத் திரியை நட்டாள். பிள்ளை பக்கத்தில் மண்டியிட்டது. மைனி தீக்குச்சி கிழித்துக் கொளுத்தினாள்.

சுடர் துள்ளியது. கறுத்த புகை வந்தது. மேல்பகுதி ஒரேயடியாக உருகி, குளம் கட்டி, ஒரு பக்கம் உடைத்துக்கொண்டு மணலில் வடிந்தது. நூல் சாய்ந்து மெழுகுக்குள் விழுந்தது. அணைந்துவிட்டது. சாமியார் கல்லறைகளை மந்திரித்துக்கொண்டு இரண்டு வரிசை தள்ளித்தான் வந்துகொண்டிருந்தார். மைனி இரண்டாவது குச்சியைக் கிழித்தாள். நூல் பிடிக்கவில்லை. மூன்றாவது குச்சியும் வீணானது. பக்கத்துக் கல்லறைக்காரி, “இந்தா மோளே, எனக்கட்ட நல்ல முத்துன திரி கெடக்கு, இத நடு,” என்று நீட்டினாள். மைனி வாங்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு, குச்சி சுட்ட விரலைச் சேலையில் துடைத்தாள்.

அதுவரை பின்னால் நின்றிருந்த அம்மா முன்னால் வந்தாள். நல்ல தொழில்காரி. கோணலாக எரிகிற திரியை அவளால் எங்கேயும் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. பிறர் வீட்டுக் கல்லறையிலும் குனிந்து சரி செய்துவிட்டுத்தான் வருவாள். மணலில் உட்கார்ந்தாள். ஜாக்கெட்டில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள். உருகிய மெழுகு போக விளிம்பில் ஒரு வாய்க்கால் கீறினாள். குளம் வடிந்தது. ஊக்கின் நுனியால் நூலைத் தூக்கி நிறுத்தி, சுற்றிலும் இருந்த மெழுகை விரலாலேயே தள்ளினாள். சூடு என்று கையை இழுக்கவில்லை. பிறகு மைனியிடம் கையை நீட்டினாள். மைனி தீப்பெட்டியைக் கொடுத்தாள்.

அம்மா கொளுத்தினாள். பிடித்துக்கொண்டது.

நின்று எரியவில்லை. புகைந்துகொண்டும் சாய்ந்துகொண்டும்தான் எரிந்தது. அது குளம் கட்டும்போதெல்லாம் அம்மா கீறிவிட்டாள். அணைந்தபோதெல்லாம் கொளுத்தினாள். சாமியார் வந்து தண்ணீர் தெளித்து, பெயரைக் கேட்டார். அம்மாதான் சொன்னாள். சத்தமாகச் சொன்னாள். பக்கத்து வரிசையில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். திரி பாதிகூட நேராக எரியாமல் மணலில் ஒரு அடையாகப் படர்ந்து முடிந்தபோது அம்மா எழுந்தாள். விரல் நுனிகள் வெளுத்துக் கொப்புளம் கட்டியிருந்தன.

நாங்கள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் துட்டிக்கு ஆள் வந்துவிட்டார்கள். கூடத்துப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். முற்றத்தில் பாய் விரித்தோம். இத்தனை காலம் அடக்கி வைத்திருந்ததை எல்லோரும் அன்று அழுதார்கள். சேக்காளி உள்ளே வராமல் வாசலில் குத்தவைத்து உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதான். மைனி போய் அவனுக்குக் கட்டஞ்சாயா கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டான்.

துட்டி வீட்டில் மரித்தவனின் தாய் அவன் கடைசியாக வீட்டில் இருந்த நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாரும் கேட்காமலே அது நடக்கும். அம்மா சுவரில் சாய்ந்துகொண்டு சொல்ல ஆரம்பித்தாள். அண்ணன் அன்று முடி வெட்டிக்கொண்டு வந்ததைச் சொன்னாள். பிள்ளைக்கு நகம் வெட்டிவிட்டதைச் சொன்னாள். மழை வருமென்று கூரையில் உடைந்த ஓடுகளை மாற்றிப் போட்டுக் கொடுத்ததைச் சொன்னாள். எங்கள் யாரிடமும் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் இதைப் பேசியதில்லை.

“பெறவு கஞ்சியும் சாளக் கறியும் வெச்சுக் கொடுத்தேன். வயிறு நெறயக் குடிச்சிற்றுதான் போனான் எனக்க மோன். அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்.”

“இல்ல மாமி,” என்றாள் மைனி.

அவள் குரல் மெதுவாகத்தான் இருந்தது. அம்மா திரும்பிப் பார்த்தாள்.

“குடிக்கல்ல மாமி. நீங்க அந்தப் பக்கம் தண்ணி கோரப் போனீங்க. படகு கெளம்புதுன்னு ஆளு வந்து கூப்பிட்டாவ. வந்து குடிக்கேன், எடுத்து வைன்னு பறஞ்சுட்டுப் போனாரு. நீங்க வந்து கேட்டப்பம் குடிச்சாச்சுன்னு நான் பறஞ்சேன். பெறவு அந்தக் கஞ்சிய நான்தான் கொட்டுனேன்.”

முற்றத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். அம்மா மடியில் கிடந்த தன் கொப்புளம் கட்டிய விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பம் பசியோடயாக்கும் கெடந்தான்,” என்றாள்.

மைனி பாயில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆமாம் என்றாள்.